தோல்வியிற் பாடங்கண்ட ஆசிரியர்

படைத்தலைவர் வரலாறு கூறுவோர் அவர் வென்ற களங்களை எண்ணிக் கூறுதல் வழக்கம். ஜேர்மனியரான ஷார்ன்ஹோர்ஸ்ற் தாமே தலைமை தாங்கி வென்ற பெரும்போர் ஒன்றுமில்லை. ஆயினும், படைச் சீர்திருத்தம் பற்றிப் பேசுவோர் அவரை விடுத்துப் பேசுதல் அரிது. அவர் இயல்பால் ஓர் ஆசிரியர். ஆசிரியத் தொழிலினனாகிய எனக்கு அவர் வரலாற்றில் ஈடுபாடு மிகுந்தமைக்கு அதுவே காரணம்.

அவர் 1755 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆந் திகதி அனோவர் நாட்டுச் சிற்றூர் ஒன்றிற் பிறந்தார். தந்தையார் படையிற் சிறு பதவி வகித்துப் பின் உழவை மேற்கொண்டவர். பீரங்கிப் படையதிகாரியான மைந்தர் கற்பித்தும் நூல்கள் எழுதியும் பெயர்பெற்றார். 1801 இற் பிரசிய நாட்டுச் சேவையிற் புகுந்து, பேர்லினில் இளம் அதிகாரிகளுக்கு ஆசிரியரானார். போரியல் நூலாற் புகழெய்திய கிளவுஸ்விற்ஸ் அவர்தம் மாணாக்கரே.

அக்காலப் பிரசியப் படை, 1786 இல் மறைந்த மகா பிரெடெரிக் அரசரின் பழம்புகழிலே திளைத்திருந்தது. அதிகாரப் பதவிகள் பெரும்பாலும் பிரபுக்குலத்தார்க்கே உரியனவாயின. வீரருட் பெருந்தொகையினர் கூலிக்கமர்ந்த அயல்நாட்டார். ஒழுங்கைக் காத்தது பிரம்படி. புரட்சிக்குப் பின்னெழுந்த பிரெஞ்சுப் படையோ நாட்டு மக்களின் படை. அதன் வலிமையை முன்னரே களத்தில் எதிர்நின்று கண்டவர் ஷார்ன்ஹோர்ஸ்ற். மாற்றம் வேண்டுமென அவர் வற்புறுத்தினார், செவிசாய்த்தார் சிலரே.

1806 ஒக்டோபர் 14 ஆந் திகதி, யேனாவிலும் அவுர்ஸ்ரெற்றிலும் ஒரே நாளில் அப்படை நெப்போலியன் படைகளால் முறியடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, தில்சிற் உடன்படிக்கையால் நாட்டில் ஏறக்குறையப் பாதி பறிபோயிற்று. அதன்பின்னரே அரசர் சீரமைப்புக் குழுவொன்றை நிறுவி, ஷார்ன்ஹோர்ஸ்ற்றை அதன் தலைவராக்கினார். கினைசெனவு, போயன், குரோல்மன் முதலியோர் அவருக்குத் துணைநின்றனர்.

1808 இற் பதவிக்குப் பிறப்பன்று, கல்வியும் ஆற்றலுமே தகுதியென விதிக்கப்பட்டது. இழிவான பிரம்படி நீக்கப்பட்டது. அடிபட்டுப் பணிபவன் காவலர் கண் மறைந்தவுடன் ஓடிவிடுவான். மானமுடையவனே தனித்து நின்றும் போரிடுவான். இவ்வுண்மையை அவர் நன்குணர்ந்திருந்தார். அவ்வாண்டிலேயே நெப்போலியன் பிரசியப் படையை 42,000 பேருக்கு மேற்படாதபடி வரையறுத்தான். எனவே வீரர் சிலரைப் பயிற்றி வீட்டுக்கனுப்பி, அவரிடத்துப் புதியவரைச் சேர்க்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. இவ்வாறு பயின்றோர் தொகையைப் பிற்காலத்தார் மிகைப்படுத்தினரெனினும், 1813 இற் படை விரைந்து பெருக அது உதவிற்று. 1810 இற் பேர்லினிற் போர்க்கல்லூரி தோன்றிற்று.

1813 மே 2 ஆந் திகதிப் போரில் அவர் காலிற் காயமுற்றார். அது ஆறுமுன்னரே ஒஸ்திரியாவின் துணையை நாடிப் பயணம் மேற்கொண்டார். புண் முற்றி, யூன் 28 ஆந் திகதி பிராக் நகரில் உயிர்நீத்தார். ஓகஸ்ற்றில் ஒஸ்திரியா போரிற் சேர்ந்தது. ஒக்டோபரில் லைப்சிக் களத்தில் நெப்போலியன் தோற்றான். அவ்வெற்றியைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

வென்றபின் அரசு பழைய வழியை நாடிற்று. 1819 இற் போயனும் குரோல்மனும் பதவி துறந்தனர். ஆபத்தில் மக்களை அழைத்த அரசு, ஆபத்து நீங்கியபின் அவர்மீது ஐயுறவு கொண்டது. எனினும், 1955 இல் மேற்கு ஜேர்மனி சீருடையணிந்த குடிமகனே போர்வீரன் எனுங் கொள்கையோடு புதுப்படை அமைத்தபோது, அதன் முதல் வீரரை ஏற்கத் தெரிந்தெடுத்த நாள் நவம்பர் 12. அவர் பிறந்த இருநூறாவது ஆண்டு நாள்.

படைக்கலத்தைப் புதுப்பித்தல் எளிது. அதனை ஏந்துபவனை மனிதனாக மதித்தலே அரிது. அதனைத் தோல்விக்கு முன்னரே செய்யும் அரசு நற்பேறுடையது என்பதே யான் அவர் வரலாற்றிற் கற்ற பாடம்.