ஆசிரியரை மறவாத ஓவியர் செசான்

மாணவர்களே, பிரான்சு நாட்டின் தென்பகுதியிலுள்ள ஏக்ஸ் என்னும் நகரில், 1839ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 19ஆம் நாள் பால் செசான் பிறந்தார். அவர் தந்தையார் தொப்பி வணிகத்தில் பொருள் ஈட்டிப் பின்னர் வங்கி தொடங்கியவர். மகன் சட்டம் பயில வேண்டும் என்பது அவரது விருப்பம். மகனின் உள்ளமோ ஓவியத்தையே நாடிற்று. தந்தை சொல்லைத் தட்டாது சட்டம் பயிலத் தொடங்கிய செசான், அதில் மனம் ஒன்றாமல், 1861இல் தந்தையின் இசைவு பெற்றுப் பாரிசுக்குச் சென்றார். சில திங்களிலேயே மனமுடைந்து ஊர் திரும்பித் தந்தையின் வங்கியில் பணிபுரிந்தார். ஆயினும் ஓவிய ஆசை விடவில்லை. 1862இல் மீண்டும் பாரிசுக்குப் புறப்பட்டார். மகனின் போக்கு தமக்குப் பிடிக்காதபோதும், தந்தையார் செலவுக்குப் பணம் அனுப்பி வந்தார்.

பாரிசில் ஆண்டுதோறும் நடைபெற்ற பெரிய ஓவியக் கண்காட்சியின் நடுவர்கள், செசானின் படங்களைத் திரும்பத் திரும்பத் தள்ளினர். அக்காலத்தில் அவர் கரிய வண்ணங்களைக் கத்தியால் அள்ளித் தடிப்பாக அப்புவார். அப்படங்களில் வேகம் இருந்தது, ஒளி இல்லை.

அந்நகரில் அவருக்குக் கிடைத்த பெருஞ்செல்வம் கமீல் பிசாரோ என்னும் ஓவியரின் நட்பாகும். 1830இல் கரிபியன் தீவொன்றில் பிறந்த பிசாரோ, வெட்டவெளியில் நின்று, வெயிலையும் நிழலையும் கண்டவாறே தீட்டுபவர். இவரும் இவர் நண்பர்களும் பின்னாளில் இம்பிரஷனிஸ்ட் ஓவியர்கள் எனப் பெயர் பெற்றனர். 1872இல் செசான், பிசாரோ வாழ்ந்த பொந்துவாசு என்னும் ஊருக்கே குடும்பத்துடன் குடிபெயர்ந்தார்.

அப்பொழுது செசானுக்கு வயது 33. ஒரு குழந்தைக்குத் தந்தை. ஆயினும் தொடக்கப் பள்ளி மாணவர்போல் மீண்டும் பயில அவர் நாணவில்லை. பிசாரோ 1871இல் தீட்டிய ‘லூவசியேன்’ என்னும் தைல ஓவியத்தை இரவல் வாங்கினார். பாரிசுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரின் சாலையையும் மரங்களையும் வீடுகளையும், அச்சாலையில் நடந்து செல்வோரையும் காட்டும் படம் அது. அதனைக் கண்முன் வைத்துச் சற்றுச் சிறிய அளவில் பார்த்துத் தீட்டினார்.

நிழலென்றால் கறுப்பு அன்று, அதிலும் நிறமுண்டு என்பதை அவர் கை அறிந்தது. நடந்து செல்லும் மனிதருக்குக் கண்ணும் மூக்கும் வரையாமல், சில தூரிகைத் தீற்றல்களாலேயே உயிரூட்டலாம் என்பதையும் அறிந்தது. அதன்பின் அவர் படங்களில் ஒளி புகுந்தது. பயின்ற பாடத்தை அவர் அவ்வளவில் நிறுத்தவில்லை. பிசாரோவோடு வயல்வெளியில் அமர்ந்து, இயற்கையை நேரில் நோக்கித் தீட்டித் தமக்கென ஒரு வழியைக் கண்டார்.

புகழ் உடனே வரவில்லை. 1874இல் இம்பிரஷனிஸ்ட் குழுவினர் நடத்திய முதற் கண்காட்சியில் அவர் படங்களைக் கண்டோர் எள்ளி நகைத்தனர். அவர் படங்களுக்கென்றே தனிக் கண்காட்சி நடந்தது 1895இல்தான். அப்போது அவருக்கு வயது 56. தம் ஊரருகே நின்ற சேந்து விக்துவார் மலையை ஆண்டுக் கணக்கில் மீண்டும் மீண்டும் தீட்டினார். 1906 அக்டோபரில், வெளியிற் சென்று தீட்டுகையில் புயல்மழையில் அகப்பட்டு நோயுற்றார். சில நாளில் மறைந்தார். பிக்காசோ, மத்தீசு முதலிய பேரோவியர்கள் அவரைத் தம் முன்னோடியாகப் போற்றினர்.

பிசாரோ 1903இல் காலமானார். மூன்றாண்டு கழித்து ஏக்ஸ் நகரக் கண்காட்சிப் பட்டியலில் செசான் தம் பெயரருகே, பிசாரோவின் மாணவர் என்றே குறிப்பிடச் செய்தார். அப்போது அவருக்கு வயது 67.

மாணவர்களே, தேர்வில் அடுத்தவர் விடையைப் பார்த்தெழுதுவது திருட்டு. வல்லவர் ஒருவரின் வேலையைக் கூர்ந்து நோக்கிச் செய்து பழகுவது கல்வி. அக்கல்வியைத் தந்தவரை மறவாமல் இருப்பதே நன்றி. இவ்விரண்டையும் செசானின் வாழ்விலிருந்து நாம் கற்போமாக.