மருத்துவர் ஐடா ஸ்கடர் (1870–1960): பச்சிளம் குழந்தைக்குக் காவலாகும் பயிற்சி பெற்ற கைகள்

மருத்துவர் ஐடா சோபியா ஸ்கடர் 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தார். தந்தையும் பாட்டனாரும் மருத்துவப் பணியாளர்கள். அமெரிக்காவில் கல்வி பயின்ற ஐடாவுக்கு மருத்துவராகும் எண்ணம் இருக்கவில்லை. நோயுற்ற தாயாரைக் கவனிக்கவே அவர் 1890இல் திண்டிவனம் வந்தார்.

அவ்வூரில், ஓர் இரவு மூவர் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையிலிருந்த தம் மனைவியருக்கு உதவுமாறு ஐடாவை வேண்டினர். அவர் மருத்துவர் அல்லர். மருத்துவரான அவருடைய தந்தையை, ஆண் என்பதால் அவர்கள் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவே அவரது வாழ்வின் திசையை மாற்றியது.

நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் ஒரு சிறு மருத்துவமனையைத் தொடங்கினார். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. மருத்துவர் ஒருவரால் மட்டும் உயிர்களைக் காக்க இயலாது என்பதை உணர்ந்து, 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். இவையே இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தன. 1960 மே 24 அன்று கொடைக்கானலில் அவர் மறைந்தார்.

இன்றைய பராமரிப்பில் இதன் பொருள்

பச்சிளம் குழந்தையின் இரத்தக்குழாய் மிக நுண்ணியது. தோல் எளிதில் உரியக்கூடியது. ஆகவே, மருந்து ஏற்றும் ஊசிக்குழாயைப் (வென்ஃப்ளான்) பொருத்துவதைப் போலவே, அதை அசையாமல் நிலைநிறுத்துவதற்கும் பயிற்சி தேவை.

* ஊசி நுழைந்த இடம் கண்ணுக்குத் தெரியுமாறு, தூய்மையான ஒளிபுகும் ஒட்டுப்படலம் இடப்பட வேண்டும்.
* பிளாஸ்திரியைக் கை, காலைச் சுற்றி இறுக்கமாக ஒட்டக்கூடாது. தாங்குபட்டை வைத்தாலும் விரல்நுனிகள் தெரிய வேண்டும்.
* மருந்து ஏறும்போது செவிலியர் மணிக்கு ஒருமுறையேனும் அவ்விடத்தைப் பார்வையிட வேண்டும்.
* தேவை முடிந்தவுடன் ஊசிக்குழாயை அகற்ற வேண்டும்.

தாய்மார்கள் கவனத்திற்கு

குழந்தையைத் தொடும் முன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். ஊசி உள்ள கையைத் துணியால் மூடாதீர்கள். வீக்கம், சிவப்பு, வெளிறல், கசிவு, விரல்கள் குளிர்தல், தொட்டால் குழந்தை வீறிட்டு அழுதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே செவிலியரை அழையுங்கள். ஊசியை நீங்களே அகற்ற முயலாதீர்கள். நள்ளிரவாயினும் அழைக்கத் தயங்க வேண்டாம்.