ஜார்ஜ் வாஷிங்டனின் செயற்கைப் பற்கள்

ஜார்ஜ் வாஷிங்டன் (பெப்ரவரி 22, 1732 – டிசம்பர் 14, 1799) ஐக்கிய அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஆவார். அமெரிக்க விடுதலைப் போரில் படைத்தலைவராக விளங்கிய இவர், இளமை முதல் இறக்கும்வரை பல் நோயால் அவதியுற்றார். குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது இவருக்கு ஒரே ஒரு சொந்தப் பல்லே எஞ்சியிருந்தது. இவர் அணிந்த செயற்கைப் பல்வரிசைகள் 18ஆம் நூற்றாண்டுப் பல் மருத்துவத்தின் திறனுக்கும் குறைபாட்டுக்கும் சான்றாக உள்ளன.

பல் இழப்பு

வாஷிங்டன் வெர்ஜீனியாவில் நிலவுடைமைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். 1756இல், தமது 24ஆம் வயதில், ஐந்து ஷில்லிங் கொடுத்து ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டார். அதன் பின்னர் பல்வலியும் ஈறு வீக்கமும் அவரை விட்டு நீங்கவில்லை. பல் துலக்கிகள், பற்பொடி, வலி மருந்து ஆகியவற்றை அவர் தொடர்ந்து வாங்கிவந்ததைக் கணக்கேடுகள் காட்டுகின்றன. இருப்பினும் பற்கள் ஒவ்வொன்றாக விழுந்தன.

1781ஆம் ஆண்டு மே மாதம் பல் துப்புரவுக் கருவிகள் கேட்டுப் பிலடெல்பியாவில் இருந்த பல் மருத்துவர் ஜான் பேக்கருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். தாம் அந்நகருக்கு விரைவில் வரும் வாய்ப்பு இல்லை என்றும் அதில் குறிப்பிட்டிருந்தார். இக்கடிதம் பிரித்தானியரிடம் சிக்கியது. வாஷிங்டனின் படை நியூயார்க் அருகிலேயே தங்கும் என அவர்கள் நம்புவதற்கு இதுவும் துணைசெய்தது என்று சிலர் கருதுகின்றனர். அவ்வாண்டு அக்டோபரில் யார்க்டவுனில் பிரித்தானியப் படை சரணடைந்தது.

அடிமைகளிடம் வாங்கிய பற்கள்

அக்காலத்தில் ஒருவரின் பல்லைப் பிடுங்கி மற்றொருவருக்குப் பொருத்தும் வழக்கம் இருந்தது. பிரெஞ்சுப் பல் மருத்துவரான ழான் பியேர் லெ மேயர் இத்தகைய சிகிச்சைக்குப் பெயர்பெற்றவர். 1784ஆம் ஆண்டு மே மாதக் கணக்கேட்டில், அம்மருத்துவரின் பொருட்டுக் கறுப்பின அடிமைகளுக்கு ஒன்பது பற்களுக்காக 6 பவுண்டு 2 ஷில்லிங் கொடுக்கப்பட்டதாகப் பதிவு உள்ளது. அம்மருத்துவர் விளம்பரம் செய்து பிறரிடம் பல் வாங்கக் கொடுத்த விலையில் இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. அப்பற்கள் வாஷிங்டனின் வாயில் பொருத்தப்பட்டனவா என்பதை இப்பதிவு தெரிவிக்கவில்லை. விற்றவர்கள் மறுக்கும் நிலையில் இல்லாத அடிமைகள் என்பது குறிப்பிடத்தக்கது.

குடியரசுத் தலைவராக

1789 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கில் பதவியேற்றபோது, கீழ்த்தாடையின் இடப்புறத்தில் ஒரு முன்கடைவாய்ப்பல் மட்டும் இருந்தது. விடுதலைப் போரில் குழலூதியாகப் பணியாற்றிய பல் மருத்துவர் ஜான் கிரீன்வுட் அவருக்குச் செயற்கைப் பற்கள் செய்தளித்தார். நீர்யானைத் தந்தத்தைச் செதுக்கி மனிதப் பற்களைப் பதித்து இவை ஆக்கப்பட்டன. எஞ்சிய பல் நுழைவதற்கு ஒரு துளையும் விடப்பட்டது. அப்பல்லே கீழ்வரிசைக்குப் பிடிமானமாக இருந்தது. 1796இல் அதுவும் பிடுங்கப்பட்டது. கிரீன்வுட் அதனை ஒரு சிறு பேழையில் வைத்துப் பாதுகாத்தார்.

பிடிமானம் முற்றிலும் இல்லாத நிலையில் மேல், கீழ் வரிசைகளைச் சுருள்வில்கள் இணைத்தன. இவ்வில்கள் இரு வரிசைகளையும் எதிரெதிரே தள்ளியதால், வாயை மூடிவைக்கவே தாடைகளை எப்போதும் இறுக்க வேண்டியிருந்தது. பற்கள் உதடுகளை வெளியே தள்ளுவதாக அவர் கிரீன்வுட்டுக்கு எழுதிய கடிதங்களில் முறையிட்டார். பற்கள் கறுத்துப்போனதற்குப் போர்ட் ஒயினே காரணம் எனக் கிரீன்வுட் 1798இல் பதில் எழுதினார். 1796இல் கில்பர்ட் ஸ்டூவர்ட் தீட்டிய ஓவியத்தில் வாய்ப்பகுதி உப்பித் தெரிகிறது. ஒரு டாலர் தாளில் உள்ள படம் இவ்வோவியத்தைத் தழுவியதாகும்.

மரப்பற்கள் என்னும் கதை

வாஷிங்டன் மரப்பற்கள் அணிந்தார் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் இது உண்மையன்று. நாட்பட்ட தந்தத்தில் கறையும் நுண்ணிய வெடிப்புகளும் தோன்றி மரவரி போலக் காணப்பட்டதே இதற்குக் காரணமாகலாம். இன்று முழுமையாக எஞ்சியுள்ள ஒரே பல்வரிசை மவுண்ட் வெர்னன் இல்லத்தில் பாதுகாக்கப்படுகிறது. அதில் ஈயக் கலவை, மனிதப் பற்கள், விலங்குப் பற்கள், தந்தம் ஆகியன உள்ளன.

பிற்கால வளர்ச்சி

பற்களை இழந்த தாடையெலும்பு நாளடைவில் தேய்ந்து சிறுத்துவிடும். எனவே அதன்மீது அமரும் கட்டுப்பல் தளர்ந்து ஆடும். செல்வமும் பதவியும் வாய்த்திருந்தும் வாஷிங்டனுக்குத் தீர்வு கிடைக்காத இடர்ப்பாடு இதுவே. 1952இல் சுவீடனின் பெர் இங்வார் பிரோனமார்க், முயலின் எலும்பில் பொருத்திய டைட்டானியம் அதனோடு பிரிக்க இயலாதவாறு இணைந்துவிடுவதைக் கண்டார். 1965இல் முதன்முறையாக ஒரு நோயாளியின் தாடையில் டைட்டானியப் பல்வேர்களைப் பொருத்தினார். பற்களற்ற கீழ்த்தாடைக்கு, இரண்டு உள்வைப்புகளின் மேல் நிற்கும் கட்டுப்பல்லே முதல் தெரிவாக அமைய வேண்டும் என 2002இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் பரிந்துரைத்தனர். 1796 வரை வாஷிங்டனின் ஒற்றைப் பல் செய்த பணியை இன்று இவ்வுள்வைப்புகள் செய்கின்றன.