ஏமாந்த நானும் ஏமாற்றாத மேரியும்



போன மாதம் பொருட்காட்சியில் 80 ரூபாய் கொடுத்து ஒரு கல் வாங்கினேன். ஆட்டுக்கிடா கொம்பு மாதிரி சுருண்டு அழகாக இருந்தது. அம்மோனைட் என்ற கடல் உயிரி கல்லாக மாறிய புதைபடிவம் என்று கடைக்காரர் சொன்னார். நோட்டு வாங்க அப்பா கொடுத்த காசு அது!

மறுநாள் அறிவியல் டீச்சரிடம் பெருமையாக நீட்டினேன். டீச்சர் லென்ஸ் வைத்துப் பார்த்தாங்க. மேலெல்லாம் ஊசிமுனை அளவில் காற்றுக்குமிழி ஓட்டை. ஓரத்தில் அச்சு ஒட்டிய கோடு. நகத்தால் சுரண்டினால் வெள்ளை மாவு உதிர்ந்தது. அச்சில் ஊற்றிய பிளாஸ்டர்! எனக்கு அழுகையே வந்துடுச்சு. டீச்சர் திட்டவில்லை. மேரி ஆனிங் என்பவரைப் பற்றிய புத்தகம் ஒன்றைக் கொடுத்தாங்க. அதில் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மேரி 1799-ஆம் ஆண்டு மே 21 அன்று இங்கிலாந்தில் லைம் ரீஜிஸ் என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். அப்பா தச்சர். ஓய்வு நேரத்தில் மலைச்சரிவில் கிடைக்கும் புதைபடிவங்களைப் பொறுக்கி, ஊருக்கு வரும் பயணிகளிடம் விற்பார். மேரியும் அண்ணன் ஜோசப்பும் கூடவே போவார்கள். 1810-இல் அப்பா இறந்துவிட்டார். வீட்டில் மிஞ்சியது கடன்தான். ஏழைகளுக்குத் தரும் உதவியில் அந்தக் குடும்பம் வாழ்ந்தது. பொழுதுபோக்காக இருந்த கல் பொறுக்குதல் வயிற்றுப்பாடு ஆனது.

1811-இல் ஜோசப் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டுபிடித்தார். அடுத்த வருடம் அதன் உடல் பகுதியை மேரி கண்டுபிடித்தார். அப்போது மேரிக்கு நம்ம வயசுதான்! மீன் போன்ற அந்த ஊர்வனவுக்கு இக்தியோசார் என்று பெயர். அது 23 பவுண்டுக்கு விலை போனது. 1819-இல் அதையே பிரிட்டிஷ் மியூசியம் ஏலத்தில் 45 பவுண்டுக்கு வாங்கியது. லாபம் அடுத்தவர்களுக்குப் போனது.

இந்தத் தொழில் சுலபம் இல்லை. குளிர்காலப் புயலில் மலைச்சரிவு இடிந்து விழும்போதுதான் புதிய எலும்புகள் வெளியே தெரியும். கடல் அலை அடித்துப் போவதற்குள் எடுத்துவிட வேண்டும். 1833-இல் அப்படி மண் சரிந்து, கூடவே வந்த அவருடைய நாய் டிரே கண்முன்னே செத்துப்போச்சு. மேரி மயிரிழையில் தப்பினார்.

மேரி அதிகம் பள்ளிக்கூடம் போகவில்லை. அறிஞர்களின் கட்டுரைகளை இரவல் வாங்கி, படங்களோடு சேர்த்துக் கையாலேயே நகல் எடுத்துப் படித்தார். மீனையும் கணவாயையும் அறுத்து, உள்ளே எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டார்.

இப்போது முக்கியமான கட்டம். 1823-இல் மேரி பிளீசியோசார் என்ற கடல் விலங்கின் முழு எலும்புக்கூட்டைக் கண்டுபிடித்தார். அதன் கழுத்து மிக மிக நீளம். படத்தைப் பார்த்த பிரான்ஸ் நாட்டின் மாபெரும் அறிஞர் கூவியே இது போலியாக இருக்கலாம், வேறு விலங்கின் கழுத்தை ஒட்டியிருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். அவர் சொன்னால் உலகமே நம்பும். பொய்க்கல் விற்பவர் என்று பெயர் வந்துவிட்டால், அப்புறம் மேரியிடம் யார் வாங்குவார்கள்? அடுப்பு எப்படி எரியும்?

1824-இல் லண்டன் புவியியல் கழகத்தில் இதுபற்றி விவாதம் நடந்தது. மேரியை யாரும் அழைக்கவில்லை. பெண்களுக்கு அங்கே இடமே கிடையாது. கடைசியில் எலும்புக்கூடு அசல்தான் என்று முடிவானது. கூவியேயும் தன் தவறை ஒப்புக்கொண்டார். மேரியின் பெயர் நிலைத்தது. 1826-இல் கண்ணாடி சன்னல் வைத்த சொந்தக் கடை திறந்தார். 1844-இல் சாக்சனி நாட்டு அரசரே அந்தக் கடைக்கு வந்து இக்தியோசார் ஒன்றை வாங்கிப் போனார்.

அந்தக் காலத்திலும் போலி இருந்தது. விட்பி என்ற ஊரில் அம்மோனைட்டில் பாம்புத் தலை செதுக்கி, பாம்புக்கல் என்று விற்றார்கள். தாமஸ் ஹாக்கின்ஸ் என்ற சேகரிப்பாளர், எலும்பு இல்லாத இடத்தில் பிளாஸ்டர் வைத்து நிரப்பினார். 1834-இல் பிரிட்டிஷ் மியூசியம் அவருடைய சேகரிப்பை வாங்கிய பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. மியூசியமே ஏமாந்தது என்றால் நான் எந்த மூலைக்கு!

மேரி 1847-ஆம் ஆண்டு மார்ச் 9 அன்று, மார்பகப் புற்றுநோயால் 47 வயதில் இறந்தார். அவர் கண்டெடுத்தவற்றை வைத்து மற்றவர்கள் கட்டுரை எழுதிப் புகழ் பெற்றார்கள். பெரும்பாலும் அவர் பெயரைக்கூடப் போடவில்லை. அந்தப் புவியியல் கழகம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது 1919-இல்தான். லைம் ரீஜிஸில் மேரிக்குச் சிலை வைத்தது 2022-இல்!

நண்பர்களே, நீங்கள் புதைபடிவம் வாங்கினால் எந்த ஊரில், எந்தப் பாறையில் கிடைத்தது என்று கேளுங்கள். அசல் விற்பவருக்குப் பதில் தெரிந்திருக்கும். லென்ஸ் வைத்துக் குமிழி ஓட்டையும் அச்சுக் கோடும் இருக்கிறதா என்று பாருங்கள. அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு கல் இருந்தால் வாங்காதீங்க. காசு இல்லையென்றால் கவலை வேண்டாம். பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் கல்லாய்ப் போன முழு மரமே கிடக்கிறது. போய்ப் பார்த்துட்டு வரலாம்.

என் 80 ரூபாய்க் கல்லை நான் தூக்கிப்போடவில்லை. பிளாஸ்டர் என்று சீட்டு எழுதி ஒட்டி, மேசைமேல் வைத்திருக்கிறேன். அப்பாவிடமும் உண்மையைச் சொல்லிட்டேன்.



- 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி