வெள்ளியில் சிறுத்தை செய்த பேராசிரியர்

காக்கா, அணில் படம் போட்ட தீப்பெட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் விருதுநகர் வட்டாரத்தில் ஏராளம். 1920-களில் கல்கத்தாவுக்குப் போய் வேலை பழகி வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசிக்குக் கொண்டுவந்த தொழில் அது. இருவர் கற்ற தொழில் ஊருக்கே சோறு போட்டது.

சில ஆண்டுகள் கழித்து, உலகத்தின் மறுகோடியில் இன்னோர் ஊருக்கும் இதே யோகம் அடித்தது. அந்த ஊர் மெக்ஸிகோ நாட்டிலுள்ள டாஸ்கோ. அங்கே தொழில், வெள்ளி நகை. மோதிரம், காப்பு, பதக்கம் என்று புறப்பட்ட அந்த நகைகளில் சிறுத்தையும் பாம்பும் பறவையும் குடியிருந்தன. தொடங்கி வைத்தவர் வில்லியம் ஸ்ப்ராட்லிங் என்ற அமெரிக்கர்.

வேலையை உதறினார்

1900-ம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் பிறந்த ஸ்ப்ராட்லிங், நியூ ஆர்லியன்ஸ் நகரில் டுலேன் பல்கலைக் கழகத்தில் கட்டடக் கலை கற்பித்தார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஃபாக்னர் அவருடன் ஒரே வீட்டில் குடியிருந்தவர்.

விடுமுறைக்கு மெக்ஸிகோ போய்வந்தவருக்கு அந்த நாடு பிடித்துப் போயிற்று. 1929-ல் வேலையை உதறிவிட்டு அங்கேயே குடியேறினார். புகழ் பெற்ற ஓவியர் டியகோ ரிவேராவுக்கு, அமெரிக்கத் தூதர் டுவைட் மாரோவிடம் சுவரோவிய வேலை ஒன்றைப் பேசி முடித்தார். அந்தத் தரகுப் பணத்தில் டாஸ்கோவில் ஒரு வீடு வாங்கினார்.

டாஸ்கோ பழைய வெள்ளிச் சுரங்க ஊர். நூற்றாண்டுக் கணக்கில் வெட்டி எடுத்த வெள்ளியெல்லாம் வெளியே போயிற்று. ஊர் மட்டும் ஏழையாகவே இருந்தது. இந்தக் கொடுமையை ஸ்ப்ராட்லிங்குக்கு எடுத்துச் சொன்னவர் தூதர் மாரோதான் என்பார்கள்.

ஓர் ஆசாரியுடன் ஆரம்பம்

1931-ல் பட்டறை போட்டார். அவருக்குச் சித்திரம் வரையத் தெரியும்; நகை வேலை தெரியாது. ஆகவே அருகிலிருந்த இகுவாலா என்ற ஊரிலிருந்து ஓர் ஆசாரியை அழைத்து வந்தார். உள்ளூர்ப் பையன்களை வேலை பழக வைத்தார்.

ஐரோப்பிய நகைகளைப் பார்த்து அவர் செய்யவில்லை. ஸ்பானியர் வருமுன் அந்த மண்ணில் வாழ்ந்த மக்கள் கல்லிலும் களிமண் முத்திரையிலும் செதுக்கிய உருவங்களைத் தேடிப் பிடித்தார். ஜாகுவார் என்னும் அமெரிக்கச் சிறுத்தை அப்படித்தான் வெள்ளிக்கு வந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பிய நகை வரத்து தடைப்பட்டது. அமெரிக்கக் கடைக்காரர்கள் டாஸ்கோவுக்கு ஓடி வந்தார்கள். பட்டறையில் நூற்றுக்கணக்கானோர் வேலை செய்தார்கள். கை தேர்ந்தவர்கள் தனிக்கடையும் போட்டார்கள். காஸ்டில்லோ சகோதரர்கள், அந்தோனியோ பினேடா ஆகியோர் அவ்வாறு கிளம்பிப் பெயர் பெற்றவர்கள்.

விழுந்தார், எழுந்தார்

தொழிலைப் பெருக்க ஸ்ப்ராட்லிங் வெளியார் பணத்தை வாங்கினார். நிர்வாகம் கை மாறியது. போர் முடிந்ததும் கிராக்கி விழுந்தது. 1940-களின் நடுவில் கம்பெனி திவாலாயிற்று!

ஆனால் அவர் ஊரை விட்டுப் போகவில்லை. டாஸ்கோவுக்கு அருகே ஒரு பண்ணையில் சிறு பட்டறை வைத்து மறுபடியும் தொடங்கினார். அலாஸ்காவின் பழங்குடிக் கைவினைஞர் சிலருக்கும் அங்கே வெள்ளி வேலை கற்றுக்கொடுத்தார். 1967 ஆகஸ்டு 7-ந் தேதி, டாஸ்கோவுக்கு அருகே மோட்டார் விபத்தில் காலமானார்.

கம்பெனி போயிற்றே தவிர, தொழில் போகவில்லை. டாஸ்கோவில் இன்றும் தெருவுக்குத் தெரு வெள்ளிக் கடைகள் இருக்கின்றன. அவர் சேர்த்த தொல்பொருள்கள் அவர் பெயர் தாங்கிய காட்சிசாலையில் உள்ளன. அந்தக் காலத்து டாஸ்கோ நகை கிடைத்தால், சேகரிப்போர் முதலில் அதைத் திருப்பி, பின்புறம் யாருடைய முத்திரை என்றுதான் பார்க்கிறார்கள். சிலவற்றில் ஸ்ப்ராட்லிங்கின் முத்திரை இருக்கிறது. மற்றவற்றில் அவரிடம் வேலை பழகிய பையன்களின் முத்திரை.