மெய்கண்ட தேவர்

கொங்கு நாட்டுத் திருச்செங்கோட்டு மலைமேல் இறைவன் மாதொரு பாகனாய் எழுந்தருளியிருக்கின்றான். திருஞானசம்பந்தப் பெருமான் கொடிமாடச் செங்குன்றூர் எனப் பாடியருளிய தலம் இதுவே. இம்மலைப் படிகளில் எம்மொடு ஏறிவந்த மாணாக்கர் ஒருவர், உலகிற்கு அறிவுடைக் கருத்தா ஒருவன் உண்டு என்பதை விஞ்ஞான ஆராய்ச்சியாக நடத்தலாகுமோ என வினவினார். விடை மெய்கண்ட தேவர் வரலாற்றினுள் அமைந்து கிடத்தலின், அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

13-ஆம் நூற்றாண்டிலே, பெண்ணாகடத்து வேளாளர் குலத்து அச்சுதகளப்பாளர் என்பார், மகப்பேறின்மையான் வருந்தித் தம் குலகுருவாகிய சகலாகம பண்டிதரை அடைந்தனர். பண்டிதர் தேவாரத் திருமுறையிற் கயிறு சாத்திப் பார்க்க, சம்பந்தரது திருவெண்காட்டுப் பதிகம் வந்தது. அவ்வாறே திருவெண்காட்டில் வழிபட்டுப் பெற்ற மகவிற்குச் சுவேதவனப் பெருமாள் எனப் பெயரிட்டனர். திருவெண்ணெய்நல்லூரில் தாய்மாமன் இல்லத்து வளர்ந்த அப்பிள்ளைக்குப் பரஞ்சோதி முனிவர் இளம்பருவத்தே உபதேசஞ் செய்து, மெய்கண்டார் என்னும் திருநாமம் அளித்தனர் என்பது மரபு.

மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களை உடையது. அதன் முதற்சூத்திரமே கருத்தாவை நிறுவுவது. ஆண், பெண், அஃறிணை எனச் சுட்டப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்குதலின், அது தானே இயங்குவதன்று. தோற்றுவிப்பான் ஒருவனை உடையது என்பது அதன் கருத்து. குடத்திற்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அங்ஙனமே உலகிற்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம் என்க.

மேனாட்டிலும் வில்லியம் பேலி என்பார் 1802-இல், கடிகாரத்தைக் கண்டு அதனை இயற்றினானை உணர்தல்போல, உயிர்களின் உறுப்பமைப்பைக் கண்டு இறைவனை உணர்க என எழுதினார். 1859-இல் சார்லஸ் டார்வின், அவ்வமைப்பு இயற்கைத் தேர்வினாற் படிப்படியே திரிந்து அமைதல் கூடுமெனக் காட்டவே, பேலியின் சான்று தளர்ந்தது. பின்னாளில் அமெரிக்காவிற் சிலர் அவ்வாதத்தையே விஞ்ஞானம் என்று பள்ளியிற் புகுத்த முயன்றனர். 2005-இல் பென்சில்வேனியா நீதிமன்றம், இயற்கைக்கு அப்பாற்பட்ட காரணத்தைக் கொள்ளுதலின் அது விஞ்ஞானம் ஆகாது எனத் தீர்ப்பளித்தது.

இதனாற் சித்தாந்தி கலங்குதல் வேண்டா. கண்ணின் அமைப்பைச் சான்றாக இழப்பினும், மெய்கண்டார் வாதம் இழுக்குறாது. அவர், இயற்கையால் விளக்கலாகாத ஓர் உறுப்பைத் தேடி ஆண்டு இறைவனை இருத்தினாரல்லர். சடமாகிய உலகம் முழுமையும் ஏன் தொழிற்படுகின்றது என்றே வினவினார். உடல்கள் திரியும் முறையை ஆராய்தல் மாயையின் காரியத்தை ஆராய்தலேயாம். அது விஞ்ஞானியின் தொழில். மண்ணை எத்துணை நுணுகிப் பகுப்பினும் அதனுட் குயவன் அகப்படான். அதுகொண்டு குயவன் இலன் என்றலும் பொருந்தாது. ஆகலின் கருத்தாவை நிறுவுதல் அனுமானப் பிரமாணத்தின்பாற்பட்ட தத்துவ விசாரணையாம். அதனைச் சோதனைச்சாலை ஆராய்ச்சி என்று கூறுதல், விஞ்ஞானத்திற்கும் சித்தாந்தத்திற்கும் ஒருங்கே இழுக்காம்.

அனுமானத்திற்கும் எல்லையுண்டு. சகலாகம பண்டிதர் செருக்கொடு வந்து, ஆணவ மலத்தின் இயல்பு யாதென வினவியபொழுது, மெய்கண்டார் வாதம் நிகழ்த்தாது, அவர் நின்ற நிலையையே நோக்கினர். ஆகமமெல்லாம் கற்ற முதியவர், அந்நோக்கில் தம்மையே கண்டு, இளையவரின் அடிவீழ்ந்து அருணந்தி சிவாசாரியர் ஆயினர். அவ்வருணந்தியாரே பின்னர்ச் சிவஞானசித்தியார் பரபக்கத்தில், கடவுள் இல்லை என்னும் உலகாயதன் கொள்கையையும் ஒளியாது எடுத்துரைத்து மறுத்தனர். பிறர் கொள்கையை உள்ளவாறு அறிந்து ஆராய்தலும், தன் செருக்கை ஒழித்தலும், அம்மரபினர்க்குக் கடனாம்.