சீகன்பால்க்: போதிக்க வந்தவர் முதலில் மாணவரானது ஏன்?

பெரிய முதலியார்சாவடி வழியே போகும் ஈசிஆரில் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் தாண்டித் தெற்கே போனால் தரங்கம்பாடி. 1706-ல் இங்கே கப்பலில் வந்து இறங்கினார் ஜெர்மானியரான பர்த்தலோமேயு சீகன்பால்க். அப்போது வயது 23. அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக்.

ஏன் வந்தார்?
எல்லா மக்களிடமும் தன் செய்தியைக் கொண்டுபோகச் சொல்லி சீடர்களுக்கு இயேசு கட்டளையிட்டார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. அதை ஏற்றுத்தான் வந்தார். ஆனால், தமிழ் தெரியாமல் யாரிடம் என்ன சொல்ல முடியும்?

என்ன செய்தார்?
திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிப் படித்தார். பள்ளிக்கூடம் தொடங்கினார். அச்சகம் வந்ததும், 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார்.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது?
சொந்தத் தரப்பிலிருந்தே! ஏழை விதவை ஒருவரின் வழக்கில் தலையிட்டதால், டேனிஷ் ஆளுநரே அவரை 4 மாதம் சிறையில் அடைத்தார். தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றி அவர் எழுதி 1713-ல் ஜெர்மனிக்கு அனுப்பிய நூலையும் அங்கிருந்த பெரியவர்கள் ரசிக்கவில்லை. அந்த நம்பிக்கைகளை ஒழிக்கத்தானே அனுப்பினோம், பரப்பவா என்பது அவர்கள் கேள்வி.

1719-ல், 36 வயதிலேயே சீகன்பால்க் இறந்துபோனார். அந்த நூல் அச்சேறியது 1867-ல், சென்னையில்.